பூச்சிக் குளிசை கொடுத்த பிறகும் பிள்ளைக்கு ஏன் பூச்சி வருகிறது?

மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். நான்காம் ஆண்டில் படிக்கும் மகனுக்குப் பாடசாலையில் பூச்சிக் குளிசை கொடுத்து ஐந்து கிழமை ஆகிறது. மூன்று கிழமை பிள்ளை நன்றாக இருந்தான். அதன் பிறகு இரவில் ஆசனவாயைச் சொறிகிறான், தூக்கம் கெட்டுவிட்டது, மலத்தில் வெள்ளை நூல் போன்ற சிறு பூச்சிகள் நெளிகின்றன. இடையிடையே வயிற்று வலி என்றும் சொல்கிறான். குளிசை காலாவதியானதாக இருக்கும் என்று அயலவர்கள் சொல்கிறார்கள். மாமியார் வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுக்கிறார். மருந்துக் கடையில் குளிசை வாங்கி மாதாமாதம் கொடுக்கலாமா? அடுத்த முறை பாடசாலையில் கொடுக்க வரும்போது வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

தங்கச்சி, நீங்கள் சொல்லும் நாட்கணக்கைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடுகிறது. குளிசை பெரும்பாலும் தன் வேலையைச் செய்திருக்கிறது. அன்று குடலில் இருந்த பூச்சியைக் கொன்றது. அத்துடன் அதன் வேலை முடிந்தது. அது தடுப்பூசி அல்ல. மறுநாள் உங்கள் மகன் ஒரு பூச்சி முட்டையை விழுங்கினால் அதைத் தடுக்க அந்தக் குளிசையால் முடியாது. இப்போது தெரிபவை கீரிப்பூச்சிகள் என்றே நினைக்கிறேன். அவை பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள்ளிருந்தே திரும்பி வந்திருக்கின்றன. வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து எடுத்து, இரண்டு கிழமை கழித்து மீண்டும் ஒருமுறை எடுத்தால் இது அடங்கும். ஏன் அப்படி என்பதைத் தெரிந்துகொண்டால் அடுத்த முறை நீங்களே கணித்துவிடுவீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மட்டக்களப்பில் நீண்ட காலம் மருத்துவ ஆய்வுகூடத்தில் மலப் பரிசோதனை செய்தவன் நான். நுணுக்குக்காட்டியில் கண்டதை வைத்துத்தான் பேசுகிறேன்.

எப்போதும் முதலில் கேட்க வேண்டியது ‘எந்தப் பூச்சி?’ என்ற கேள்வி. பிள்ளைகளின் குடலில் வாழும் ஒட்டுண்ணிகள் பல வகை. வட்டப்புழு, சவுக்குப் புழு, கொளுக்கிப்புழு ஆகிய மூன்றும் மண் வழியாக வருபவை. பாடசாலையில் குளிசை கொடுப்பது முக்கியமாக இந்த மூன்றுக்காகத்தான். கீரிப்பூச்சிக்கு மண் தேவையில்லை. அது கையிலிருந்து வாய்க்கும், பாயிலிருந்து கைக்கும் பரவுவது. இவற்றுக்கு அப்பால் கண்ணுக்கே தெரியாத ஒருகல ஒட்டுண்ணிகளும் உண்டு. அவை புழுக்களே அல்ல. ஒவ்வொன்றும் வரும் வழி வேறு, வளரும் காலம் வேறு, மருந்துக்கு மசியும் விதமும் வேறு. எல்லாவற்றையும் ஒரே பூச்சியாக நினைத்துக்கொண்டு குளிசை வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுவதில்தான் பெற்றோர் அதிகம் தடுமாறுகிறார்கள்.

உங்கள் மகனின் தொல்லையிலிருந்தே தொடங்குகிறேன். கீரிப்பூச்சியின் பெண் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் நீளம் இருக்கும். பகலெல்லாம் பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் இருக்கும். பிள்ளை உறங்கிய பிறகு கீழிறங்கி ஆசனவாய்க்கு வெளியே வந்து, தோல் மடிப்புகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை ஒட்டிவிட்டுச் செத்துப்போகும். அந்த அசைவும் முட்டையைச் சுற்றியுள்ள பசையும்தான் சொறியை உண்டாக்குகின்றன. முட்டைகள் தொற்றக்கூடிய நிலைக்கு வருவதற்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் போதும். நள்ளிரவில் இட்ட முட்டை விடியும்போது தயாராக இருக்கும். பிள்ளை சொறிகிறான், நகத்தின் அடியில் முட்டை ஏறுகிறது, காலையில் அதே கையால் பாண் துண்டை எடுத்து வாயில் வைக்கிறான். விழுங்கிய முட்டை முதிர்ந்த பூச்சியாகி மீண்டும் முட்டையிட ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், சில வேளை அதற்கும் குறைவு. குளிசை குடித்து மூன்று கிழமை நன்றாக இருந்து அதன் பிறகு சொறி தொடங்கியது என்ற உங்கள் கணக்கு இதனுடன் அப்படியே பொருந்துகிறது.

அந்த முட்டைகள் எங்கே இருந்தன? பாயில், தலையணை உறையில், உள்ளாடையில், அவன் தங்கையின் விரலில். ஈரப்பதமான இடத்தில் இரண்டு மூன்று கிழமை உயிருடன் இருக்கக்கூடியவை அவை. நம் வீடுகளில் பிள்ளைகள் ஒரே பாயில் வரிசையாகப் படுப்பது வழக்கம். மகனுக்குப் பாடசாலையில் குளிசை கிடைத்தது. பாலர் பாடசாலைக்குப் போகும் தங்கைக்கு அன்று கிடைக்கவில்லை. உங்களுக்கும் கணவருக்கும் மாமியாருக்கும் கிடைக்கவேயில்லை. பெரியவர்களுக்குச் சொறி இல்லாமலே கீரிப்பூச்சி இருக்கலாம். ஒருவரை மட்டும் சுத்தப்படுத்திவிட்டு அதே பாயில் படுக்க வைத்தால் அவன் சுத்தமாக இருக்கும் காலம் ஒரு மாதம்தான்.

இரண்டாவது தடவை மருந்து ஏன் என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது. குளிசை முதிர்ந்த புழுவைக் கொல்கிறது. முட்டையை நம்பத்தக்க அளவில் கொல்வதில்லை. முதல் தடவை தப்பிய முட்டைகளிலிருந்து வந்தவற்றை அவை முட்டையிடும் பருவத்தை எட்டுவதற்கு முன் பிடிக்க வேண்டும். அதனால்தான் இரண்டு கிழமை இடைவெளி. யாருக்கு எந்த அளவு என்பதை அருகிலுள்ள வைத்தியசாலையிலோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், முதல் மூன்று மாதத்துக்குள் இந்தக் குளிசை கூடாது; அதன் பிறகு சிகிச்சை நிலையத்திலேயே கொடுப்பார்கள். ஒன்று இரண்டு வயதுக் குழந்தைக்கு முழுக் குளிசையை வாயில் திணிக்காதீர்கள். மூச்சுக்குழலில் அடைத்த சம்பவங்கள் உலகில் பல இடங்களில் நடந்திருக்கின்றன. பொடித்து, தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அழும் குழந்தையின் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றவே கூடாது.

மருந்து எடுக்கும் அன்றே பாய் விரிப்பு, தலையணை உறை, உள்ளாடை எல்லாவற்றையும் உதறாமல் அள்ளிச் சென்று கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள். உதறினால் முட்டை காற்றில் பறந்து வீடெங்கும் படியும். உலர்வும் வெயிலும் அவற்றுக்கு ஆகாது. வாவிக்கு மேற்கே உங்கள் படுவான்கரை வெயில் இந்த விடயத்தில் உங்கள் பக்கம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். பிள்ளைகளை மாலையில் குளிப்பாட்டுவது போதாது, காலையில் எழுந்தவுடன் அடிப்பகுதியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள். இரவில் இட்ட முட்டைகள் அப்போதுதான் கழுவப்பட்டுப் போகும். இரவில் இறுக்கமான உள்ளாடை போட்டுவிட்டால் நகம் நேரே படாது. இன்னொன்று: தங்கைக்கு முன்பக்கத்தில் சொறி, வெள்ளைபடுதல், திடீரென்று படுக்கையில் சிறுநீர் போதல் என்று ஏதாவது இருந்தால், பூச்சி அங்கேயும் ஊர்ந்திருக்கலாம். தாய்மார் இதை வைத்தியரிடம் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

கீரிப்பூச்சியை மலப் பரிசோதனையில் தேடுவது பெரும்பாலும் வீண். முட்டைகள் தோலில் இடப்படுவதால் மலத்தில் அரிதாகவே தென்படும். ‘மலம் சோதித்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள், ஆனால் பிள்ளை சொறிகிறான்’ என்று வருபவர்கள் பலர். இதற்குரிய சோதனை மிக எளிது. காலையில் பிள்ளை எழுந்தவுடன், கழுவுவதற்கும் மலங்கழிப்பதற்கும் முன், நிறமற்ற ஒட்டுநாடாவின் பசைப் பக்கத்தை ஆசனவாய் ஓரத்தில் அழுத்தி எடுத்துக் வழுக்கி எனப்படும் சிறு கண்ணாடித் தகட்டில் ஒட்ட வேண்டும். நுணுக்குக்காட்டியில் வைத்தால், ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைந்தும் உள்ள நிறமற்ற முட்டைகள் தெரியும். பலவற்றுக்குள் சுருண்ட குடம்பி, அதாவது இளம்புழு, அசைவதையும் காணலாம். மூன்று காலைகள் இப்படிச் செய்தால் தப்புவது அரிது. பிள்ளை உறங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தாலும் பூச்சியையே காணலாம்.

இனிக் குளிசையின் பக்கம் வருகிறேன், ஏனென்றால் ‘காலாவதி’ என்ற பேச்சு பரவிவிட்டால் நல்ல திட்டமொன்று கெட்டுப்போகும். நம் பாடசாலைகளில் கொடுப்பது பெரும்பாலும் மெபென்டசோல் 500 மில்லிகிராம். சில இடங்களில் அல்பென்டசோல் 400 மில்லிகிராம். இரண்டும் ஒரே குடும்பம். புழுவின் கலங்களுக்குள் உள்ள நுண்குழாய்களை இவை கட்டவிடாமல் தடுக்கின்றன. புழுவால் குளுக்கோசை உறிஞ்ச முடிவதில்லை. இருப்பிலுள்ள சத்து தீர்ந்து மெல்லச் சாகிறது. அதனால்தான் குளிசை குடித்த அன்றே எதுவும் வராமல், இரண்டு மூன்று நாள் கழித்துப் பூச்சி வெளியேறுகிறது. சிலவற்றில் உயிரசைவு மிச்சமிருக்கும். குளிசை கொடுத்த கிழமையில் பூச்சி கண்டால் பயப்பட வேண்டாம், அது மருந்து வேலை செய்ததன் அடையாளம். முன்பு ஆமணக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கி, பட்டினி போட்டுப் பிள்ளையைச் சோர வைத்தார்கள். இந்தக் குளிசைக்குப் பட்டினியும் வேண்டாம், பேதியும் வேண்டாம்.

மெபென்டசோல் குடலிலிருந்து இரத்தத்துக்கு மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். பக்க விளைவுகள் குறைவாக இருப்பதற்கு அதுவே காரணம். ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. வட்டப்புழுவின் முட்டையை விழுங்கினால் குடம்பி குடலில் பொரித்து, குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போகிறது. அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, மீண்டும் குடலுக்கு வந்துதான் முதிர்கிறது. குளிசை கொடுத்த நாளில் குடம்பி நுரையீரலில் இருந்தால் மருந்து அதைத் தொடாது. முட்டை விழுங்கியதிலிருந்து முதிர்ந்த பெண் முட்டையிடும் வரை இரண்டு முதல் மூன்று மாதம். ஆகவே குளிசை கொடுத்து இரண்டு மாதத்துக்குப் பிறகு நீளமான வட்டப்புழு ஒன்று வந்தால் அது அன்று பயணத்திலிருந்த குடம்பியாக இருக்கலாம். குளிசையைக் குறைசொல்ல அதில் ஒன்றுமில்லை.

புழுவுக்குப் புழு குளிசையின் பலம் மாறுகிறது. 2017 இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, பல நாடுகளில் நடந்த சிகிச்சைச் சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டது. வட்டப்புழுவுக்கு இரண்டு மருந்துகளுமே ஒரு தடவையில் நூற்றுக்கு ஏறக்குறைய 96 பேரைக் குணமாக்குகின்றன. கொளுக்கிப்புழுவுக்கு அல்பென்டசோல் நூற்றுக்கு 80 பேரளவில் குணமாக்க, ஒரு தடவை மெபென்டசோல் 32 பேரளவில்தான். சவுக்குப் புழுவில் இரண்டுமே தடுமாறுகின்றன: அல்பென்டசோல் 31, மெபென்டசோல் 42. சவுக்குப் புழு தன் மெல்லிய முன்பகுதியைப் பெருங்குடலின் சவ்வுக்குள் செருகிக்கொண்டு கிடப்பது, அசைப்பது கடினம். பாடசாலையில் குளிசை கொடுத்துச் சில கிழமை கழித்து மலம் சோதித்தால் இரு முனையிலும் அடைப்பு வைத்த அந்தப் பழுப்பு முட்டை இன்னும் தெரிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். மருந்து போலி என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இங்கே ஒரு விடயத்தை ஊன்றிச் சொல்ல விரும்புகிறேன். ‘குணமாகவில்லை’ என்றால் ‘பயனில்லை’ என்று பொருளாகாது. ஆய்வுகூடத்தில் முட்டை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பதில்லை, எத்தனை என்றும் எண்ணுவோம். துளையிட்ட சிறு அச்சில் அளந்தெடுத்த 41.7 மில்லிகிராம் மலத்தை வழுக்கியில் அழுத்திப் பரப்பி, தெரியும் முட்டைகளை எண்ணி, 24 ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை என்று வரும். வட்டப்புழு முட்டை கிராமுக்கு ஐயாயிரத்துக்குக் குறைவாக இருந்தால் இலேசான தொற்று; ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் கடுமையானது. பிள்ளையை மெலிய வைப்பதும் குடலை அடைப்பதும் படிப்பில் மந்தமாக்குவதும் கடுமையான தொற்றுத்தான். நாற்பது புழு இருந்த பிள்ளையிடம் மூன்று மிஞ்சினால் அறிக்கையில் ‘முட்டை காணப்பட்டது’ என்றுதான் வரும். ஆனால் அந்தப் பிள்ளையின் இரத்தமும் உணவும் பெருமளவில் காப்பாற்றப்பட்டுவிட்டன. கொளுக்கிப்புழுவில் இது இன்னும் தெளிவு. ஒரு புழு இனத்துக்கேற்ப ஒரு நாளைக்கு 0.03 முதல் 0.2 மில்லிலீற்றர் வரை இரத்தத்தை இழக்கச் செய்கிறது. ஒன்றிரண்டு இருந்தால் உடல் ஈடுகட்டிவிடும், நூறு இருந்தால் முடியாது.

சோதிக்கும் நாளும் முக்கியம். குளிசை குடித்த மூன்றாம் நாள் மலத்தைக் கொண்டு வந்து ‘இன்னும் முட்டை இருக்கிறதே’ என்று கவலைப்படுவார்கள். செத்த புழுவின் முட்டைகள் அப்போதும் வெளியேறிக்கொண்டிருக்கும். மருந்தின் பலனை அறிய இரண்டு முதல் மூன்று கிழமை பொறுக்க வேண்டும். அதே வேளை மலம் புதிதாக வர வேண்டும். முந்திய நாள் மாலை எடுத்து வைத்ததைக் கொண்டு வந்தால், மெல்லிய ஓடு கொண்ட கொளுக்கிப்புழு முட்டை அதற்குள் பொரித்துவிடும். நான் சொன்ன அழுத்திப் பரப்பும் முறையில் வழுக்கி தயாரான பின்னும் அரை மணி, ஒரு மணி நேரத்தில் அது கரைந்து மறைந்துவிடும். இருக்கும் புழுவை இல்லை என்று எழுதிவிட நேரும்.

மீண்டும் தொற்றும் வேகத்தைப் பற்றி 2012 இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வின் கணக்கு எனக்கு மறக்காது. சிகிச்சைக்கு முன் ஓர் ஊரில் வட்டப்புழுத் தொற்று எந்த அளவு இருந்ததோ, சிகிச்சைக்கு ஆறு மாதத்துக்குப் பின் அதில் 68 வீதத்தையும், பன்னிரண்டு மாதத்துக்குப் பின் 94 வீதத்தையும் அது மீண்டும் எட்டிவிடுகிறது. சவுக்குப் புழு ஓராண்டில் 82 வீதம், கொளுக்கிப்புழு 57 வீதம். இவை தொற்று மிகுந்த நாடுகளின் சராசரி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மண் மாறாவிட்டால் குடலும் மாறாது என்பது இந்த எண்களில் இருக்கிறது.

இலங்கையிலேயே இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1916 இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியுடன் தோட்டப்புறங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. தொழிலாளருக்குக் கீனோபோடியம் எண்ணெய் கொடுத்தார்கள், புழு இறங்கியது. தொழிலாளர் குடியிருந்த லயன்களில் மலசலகூடம் இல்லாததால் மீண்டும் ஏறியது. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகத்தான் 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு வந்தது. இன்று உங்கள் ஊருக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்ப நல உத்தியோகத்தரும் அந்த வழியில் வந்தவர்களே. 2017 இல் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளிடையே நடந்த நாடளாவிய ஆய்வில் மண்வழிப் புழுத் தொற்று ஒரு வீதத்துக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. 2003 இல் அது ஏறக்குறைய 7 வீதம். மலசலகூடமும் செருப்பும் பாடசாலைக் குளிசையும் சேர்ந்து கொண்டுவந்த இறக்கம் அது. 2017 இலும் தோட்டப்புறப் பிள்ளைகளிடம் 9 வீதம் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கீரிப்பூச்சி இந்தக் கணக்கில் இல்லை. ஒருகல ஒட்டுண்ணிகளும் இல்லை. அதனால் நாட்டில் புழு குறைந்துவிட்டது என்பதும் உங்கள் மகன் இரவில் சொறிகிறான் என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கின்றன.

ஒருகல ஒட்டுண்ணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், உங்கள் மகனின் வயிற்று வலி இருப்பதால். ஜியார்டியா என்பது சிறுகுடலின் மேற்பகுதியில் ஒட்டி வாழ்வது. வயிறு உப்பும், ஏப்பமும் காற்றும் கெட்ட மணம் வீசும், மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கும், ஒரு கிழமை சரியாகி மறு கிழமை திரும்பும், பிள்ளை எடை கூட மாட்டான். பாடசாலையில் கொடுக்கும் ஒற்றைக் குளிசை இதைத் தீர்க்காது. இதற்கு மெற்றோனிடசோல், டினிடசோல் போன்ற வேறு மருந்துகள் உண்டு. அவற்றை வைத்தியர்தான் எழுத வேண்டும். மலத்தில் அது தினமும் வெளிப்படாது என்பதால், வேறு வேறு நாட்களில் மூன்று மாதிரிகள் கொடுக்க வேண்டும். ஒரு மாதிரியில் இல்லை என்றதும் விட்டுவிடுகிறார்கள். பலர் அங்கேதான் தவறவிடுகிறார்கள். மலத்தில் சளியும் இரத்தமும் வந்தால் அமீபாவோ பக்ரீரியாவோ காரணமாக இருக்கலாம். அதைப் பூச்சி என்று நினைத்து வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

நம் மண்ணையும் தண்ணீரையும் பற்றிக் கொஞ்சம். கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி, கல்முனை, திருக்கோவில் வரை எழுவான்கரை ஒரு மணல் திட்டு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. கிணறு தோண்டினால் சில அடியிலேயே தண்ணீர். வளவுகள் சிறியவை, கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் இருக்க வேண்டிய ஐம்பது அடி பல வீடுகளில் இல்லை. ஐப்பசி தொடங்கித் தை வரை மழை கொட்டும்போது நிலத்தடி நீர் மேலெழுந்து குழிகள் நிரம்புகின்றன. 2011 தை மாத வெள்ளத்தில் மாவட்டமே நீரில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றை இறைத்துக் குளோரின் போடுகிறோம். அது அவசியம், வாந்திபேதி பரவாமல் காப்பது அதுதான். ஆனால் வட்டப்புழு முட்டையின் தடித்த ஓட்டைக் குளோரின் ஊடுருவாது, ஜியார்டியாவின் உறையும் வழக்கமான அளவுக்கு அடங்காது. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே ஆற வைக்க வேண்டும். கையில் தடவும் சனிடைசரும் முட்டைகளை ஒன்றும் செய்யாது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்து ஓடும் நீரில் கழுவும்போது முட்டை சாவதில்லை, கையை விட்டுப் போகிறது. நமக்கு அது போதும்.

படுவான்கரையில் நிலைமை சற்று வேறு. வளவு பெரிது, கிணறு தூரம். ஆனால் வயல் காவலுக்கும் அறுவடைக்கும் வாடியில், அதாவது வயல் குடிசையில், தங்கும்போது மலசலகூடம் இல்லை. பற்றைக்குப் பின்னால் போய் வருகிறார்கள், விடுமுறையில் பிள்ளைகளும் கூடவே. கொளுக்கிப்புழு முட்டை நிழலும் ஈரமும் உள்ள மணல் கலந்த மண்ணில் ஒன்றிரண்டு நாளில் பொரித்து, ஐந்து முதல் பத்து நாளில் தோலைத் துளைக்கும் குடம்பியாகிறது. மூன்று நான்கு கிழமை அங்கேயே காத்திருக்கும். செருப்பில்லாத கால் அதன்மேல் பட்டால் போதும். உங்கள் கணவர் வயல் வேலை செய்பவர் என்றால், வாடிக்குப் பக்கத்தில் ஆழமான ஒரு குழி தோண்டி, போன பிறகு மண் தள்ளி மூடுவது இன்றே செய்யக்கூடியது. பிள்ளை வெளிறி, களைத்து, படி ஏறினால் மூச்சு வாங்குகிறான் என்றால் குருதிச்சோகைக்கு இரத்தப் பரிசோதனை கேளுங்கள். புழுவை மட்டும் இறக்கி, இழந்த இரும்புச் சத்தைக் கொடுக்காவிட்டால் களைப்பு போகாது. நெத்தலி, முருங்கைக்கீரை, பயறு எல்லாம் நல்லவை. சாப்பாட்டோடு தேநீர் கொடுப்பதை நிறுத்துங்கள், இரும்புச் சத்து உடலில் சேர்வதை அது தடுக்கும்.

கீரையைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். வல்லாரைச் சம்பல் பச்சையாகச் சாப்பிடுவது. தாழ்ந்த நிலத்தில் முளைப்பது, வெள்ளம் தொட்டுப்போகும் இலை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். வட்டப்புழு முட்டைக்கு உப்பும் வினாகிரியும் பொருட்டல்ல. இலை இலையாகப் பிரித்து ஓடும் நீரில் மூன்று நான்கு முறை அலச வேண்டும். மழைக்காலத்தில் பிள்ளைகளுக்குச் சுண்டலாக வதக்கிக் கொடுப்பது இன்னும் நல்லது.

மாமியாரின் வேப்பங்கொழுந்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரியவரின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அளவு தெரியாத கசப்புச் சாறைத் தினமும் சிறு பிள்ளைக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். வேப்பெண்ணெய் கொடுத்துச் சிறு குழந்தைகள் ஆபத்தான நிலைக்குப் போன சம்பவங்கள் மருத்துவ உலகில் பதிவாகியுள்ளன. கொழுந்து எண்ணெய் அளவுக்குக் கடுமையானது அல்ல, ஆனாலும் அது கீரிப்பூச்சியை ஒழிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இனிப்புத் தின்றால் பூச்சி வரும் என்பதும் சரியல்ல, முட்டையை விழுங்காமல் கீரிப்பூச்சி வராது. கன்னத்தில் வரும் வெளிறிய தேமல், தூக்கத்தில் பல் நறநறத்தல் இவற்றைப் பார்த்ததும் பூச்சிக் குளிசை கொடுக்க ஓட வேண்டாம்.

கடையில் வாங்கி மாதாமாதம் கொடுக்கலாமா என்றால், வேண்டாம். ஒருமுறை அதிகமாகக் கொடுத்ததால் பிள்ளைக்குப் பெரிய கேடு வராது. நான் அஞ்சுவது வேறு. மாதாமாதம் குளிசை கொடுக்கும் வீட்டில் பாய் துவைப்பதும் மற்றவர்கள் மருந்து எடுப்பதும் நின்றுவிடும். ஜியார்டியாவோ குருதிச்சோகையோ குடற்புண்ணோ இருந்தால் அது மாதக்கணக்கில் மறைந்து கிடக்கும். ஆடு மாடுகளில் இதே குடும்பத்து மருந்துகளை அடிக்கடி கொடுத்ததால் புழுக்கள் மருந்துக்கு மசியாமல் போன அனுபவம் உலகெங்கும் இருக்கிறது. மனிதரிடமும் அது வந்துவிடக் கூடாது. இரண்டு சுற்று மருந்தை வீட்டார் எல்லோரும் ஒழுங்காக எடுத்த பிறகும் சொறி திரும்பினால், வைத்தியரிடம் போய் ஒட்டுநாடாச் சோதனை கேளுங்கள். வகுப்பில் அவனோடு ஒரே மேசையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இருக்கிறதா என்று ஆசிரியரிடம் மெல்லக் கேளுங்கள். தண்ணீர்க் குழாயடியில் சவர்க்காரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெற்றோர் சங்கத்தில் பேசி ஒரு சவர்க்காரக் கட்டியை வலைப்பையில் கட்டித் தொங்கவிட யாருடைய அனுமதிக்கும் நீண்ட காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. வயிறு வீங்கி, விட்டு விட்டுக் கடுமையாக வலித்து, பச்சையாக வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகாமல் நின்றால் வட்டப்புழுக்கள் திரண்டு குடலை அடைத்திருக்கலாம், அல்லது வேறு சத்திரசிகிச்சைக்குரிய காரணம் இருக்கலாம். அந்த நேரத்தில் வீட்டில் பூச்சிக் குளிசையோ பேதி மருந்தோ கொடுக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ புழு வந்தாலும் அப்படித்தான்.

பாடசாலையில் அடுத்த முறை கொடுக்க வரும்போது வேண்டாம் என்று எழுதி அனுப்பாதீர்கள். பூச்சி இல்லாத பிள்ளைக்கும் இந்தக் குளிசை தீங்கற்றது. எல்லோருக்கும் சோதனையின்றிக் கொடுப்பதும் அதனால்தான். கடும் காய்ச்சல் இருக்கும் நாளில் மட்டும் தள்ளிப்போடச் சொல்லுங்கள். வலிப்பு நோய் உள்ள பிள்ளை என்றால் முன்கூட்டியே வைத்தியரிடம் தெரிவியுங்கள். காலாவதி பற்றிச் சந்தேகம் இருந்தால் குளிசை கொண்டு வருபவரிடம் பெட்டியைக் காட்டச் சொல்லலாம், திகதி அதில் அச்சிட்டிருக்கும். கேட்பது உங்கள் உரிமை. அன்று காலை பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்தே அனுப்புங்கள். அவன் குளிசையைச் சப்பி விழுங்கினானா, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தானா என்று மாலையில் கேளுங்கள். அதே நாளில் வீட்டிலுள்ள மற்றவர்களும் எடுத்துக்கொள்ள முடியுமா என்று குடும்ப நல உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.